வெள்ளைப் பெயிண்டுக்கு அடியில் ஒரு நாய்

நிப்பர் பொம்மையில் முதலில் போவது காதுதான். கடை வாசலில் மூன்றடி உயரத்துக்கு ஒரு நாய் உட்கார்ந்திருந்தால் எந்தக் குழந்தைக்கும் அதன் முதுகில் ஏறத் தோன்றும். ஏறிவிட்டால் பிடித்துக்கொள்ள வாகாக இருப்பது காது மட்டும். அடுத்தது மூக்கு. அதற்குப் பிறகு முன்னங்கால் விரல்கள், கடைசியாக அடிப்பாகத்து விளிம்பு. நியூ ஜெர்சியில் தன் வீட்டு பேஸ்மென்ட்டையே பட்டறையாக்கிக்கொண்டு பழைய விளம்பர நாய்களைச் சீர்செய்துவரும் பண்ருட்டிக்காரர் ஒருவர், புதிதாக ஒரு நாய் வந்து இறங்கியதும் இந்த வரிசைப்படிதான் விரல்களை ஓட்டுகிறார். விளக்கு, பூதக்கண்ணாடி எல்லாம் அதற்கு அப்புறம். காகிதக்கூழ் தொட்டால் குளிராது. தட்டினால் அமுங்கிய சத்தம் வரும். யாராவது கார் பட்டியை வைத்து அடைத்த இடம் மட்டும் கல் போலச் சில்லென்று இருக்கும், தட்டினால் கணீரென்று கேட்கும். மேலே எத்தனை அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் விரலை ஏமாற்ற முடியாது என்கிறார்.

இந்த நாய் தமிழருக்கு அந்நியமில்லை. கிராமபோன் குழாயின் முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய்தான் நிப்பர். 'நாய் மார்க்' தட்டு என்று சொல்லிக் கடையில் கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஆனால் இசைத்தட்டு உறையில் அச்சான படமாக நாம் பார்த்ததை, அமெரிக்காவில் வானொலியும் ரெக்கார்டும் விற்ற கடைகள் முழு உருவச் சிலையாக வாசலிலும் கண்ணாடிக்குப் பின்னாலும் உட்காரவைத்தன. கைக்குள் அடங்கும் பீங்கான் குட்டியிலிருந்து, நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் 1958-ல் ஒரு கிடங்குக் கட்டடத்தின் கூரைமேல் ஏற்றப்பட்ட 28 அடி உயர நாய் வரை எல்லா அளவிலும் நிப்பர் உண்டு. நான்கு டன் எடையுள்ள அந்த ஆல்பனி நாயின் காதில் விமானங்களுக்கான எச்சரிக்கை விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். ஊருக்குள் வழி சொல்பவர்கள் அதை அடையாளம் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

உண்மையான நிப்பர் 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. டெரியர் வகைக் கலப்பினம். வீட்டுக்கு வருபவர்களின் காலைப் பின்னாலிருந்து செல்லமாகக் கடிக்கும், அதனாலேயே அந்தப் பெயர். அதை வளர்த்த மார்க் பரோ நாடக அரங்குகளுக்குத் திரைச்சீலை எழுதுகிறவர். 1887-ல் அவர் இறந்தபோது நாய் அவருடைய சகோதரர்களிடம் வந்தது. அவர்களில் ஒருவரான ஓவியர் பிரான்சிஸ் பரோ, 1895-ல் நிப்பர் இறந்து சில ஆண்டுகள் ஆனபிறகு, அந்தப் படத்தைத் தீட்டினார். நாய் காதுகொடுத்துக் கேட்கும் கருவி அப்போது தட்டு சுழலும் கிராமபோன் அல்ல, உருளை சுழலும் எடிசன் பெல் ஃபோனோகிராஃப். 1899 பிப்ரவரியில் பதிப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஃபோனோகிராஃப் கம்பெனிக்காரர்கள் படத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு நடந்ததுதான் இந்தத் தொழிலுக்கே அடித்தளம். கறுப்புக் குழாய் படத்தை மங்கலாக்குகிறது, பித்தளைக் குழாய் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று பரோவுக்குத் தோன்றியது. ஒரு பித்தளைக் குழாயை இரவல் கேட்டு லண்டன் மெய்டன் லேனிலிருந்த கிராமபோன் கம்பெனிக்குப் போனார். அங்கே மேலாளராக இருந்த வில்லியம் பேரி ஓவன், படத்திலுள்ள கருவியையே எடுத்துவிட்டு எங்கள் கிராமபோனை வரைந்து தருவதானால் வாங்கிக்கொள்கிறோம் என்றார். பழைய கருவியின் மேல் புதியதைத் தீட்டிக் கொடுத்தார் பரோ. படத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன், ஆக 100 பவுன். மூல ஓவியத்தில் வெளிச்சம் ஒரு கோணத்தில் விழும்போது அடியில் மறைந்த ஃபோனோகிராஃபின் உருவம் இன்றும் தெரியும். பிற்காலத்தில் கம்பெனிக்காக அதே படத்தைப் பரோ 24 முறை திரும்ப வரைந்தார். 1924-ல் இறக்கும்வரை அவருக்குச் சோறு போட்டது அந்த நாய்தான்.

கிராமபோனைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் 1900-ல் அமெரிக்காவில் அந்தப் படத்தை வணிக முத்திரையாகப் பதிந்தார். 1901-ல் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் தொடங்கிய விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி அதைத் தன் கொடியாக்கிக்கொண்டது. நியூ ஜெர்சியின் கேம்டனில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் கோபுரத்தில் நான்கு பக்கமும் வண்ணக் கண்ணாடியில் நிப்பர் உண்டு. 1929-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் விக்டரை வாங்கியபோது நாயும் கைமாறியது. தொழிற்சாலைக் கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. கோபுரத்து நாய்கள் இன்னமும் இரவில் ஒளிர்கின்றன. பண்ருட்டிக்காரர் வீட்டிலிருந்து காரில் போய்விட்டு வரக்கூடிய தூரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் இதைத்தான் காட்டுகிறார்.

இந்த வேலையின் முதல் பாடத்தை அவர் அமெரிக்காவில் படிக்கவில்லை. பண்ருட்டியில் தாய்மாமன் கொலு பொம்மை செய்கிறவர். பள்ளி விடுமுறை முழுக்க மாமா கொட்டகையில்தான். பழைய தாள்களை ஊறவைத்து, இடித்து, பசை சேர்த்துப் பிசைந்து, அச்சில் அமுக்கி முன்பாதி வேறு, பின்பாதி வேறு என்று எடுத்து, காய்ந்தபின் இரண்டையும் ஒட்டி, ஒட்டு தெரியாமல் தாள் கிழித்து மேலே போர்த்தி, வெள்ளை மாவும் வஜ்ஜிரமும் கலந்து பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வண்ணத்துக்குத் தயார் செய்வதுவரை பையன்கள் வேலை. வண்ணம் பெரியவர்கள் வேலை. அதிலும் கண் திறப்பது மாமா மட்டும். "பொம்மைக்கு உசுரு மூஞ்சிலதான்டா மாப்ள. மத்ததெல்லாம் நீ பாரு, மூஞ்சிய மட்டும் தொட்டுடாத" என்பாராம். நிப்பரின் முகத்தைத் தொடும்போது இன்றும் அந்தக் குரல் கேட்கிறது என்று சொல்பவரின் கண்கள் கலங்குகின்றன.

கணினி வேலைக்காக அமெரிக்கா வந்தவர், மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டில் கூடும் பழம்பொருள் சந்தைக்கு நண்பர்களோடு போயிருந்தார். மே, ஜூலை, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை வயல்வெளிகளில் கூடாரம் அடித்து நடக்கும் பெரிய சந்தை அது. ஒரு மேசைக்கு அடியில் மூக்கு உடைந்த நாய் ஒன்று ஒருக்களித்துக் கிடந்தது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறக் கூழ், அதன்மேல் மாவுப் பூச்சு, அதன்மேல் வண்ணம் என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வெற்றிடம், நடுவில் இரண்டு பாதிகளைச் சேர்த்த தையல். மாமா கொட்டகையில் செய்த பொம்மைக்கும் இதற்கும் செய்முறையில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் கேன்டனில் இருந்த ஓல்ட் கிங் கோல் என்ற நிறுவனம்தான் விக்டருக்கும் ஆர்.சி.ஏ.வுக்கும் காகிதக்கூழ் நிப்பர்களைச் செய்து கொடுத்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டார். அன்று வாங்கிவந்த அந்த நாயோடு தொடங்கியது இந்த வாழ்க்கை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கியது பல ஆண்டுகள் கழித்து.

காகிதக்கூழ் நாய்க்கு வரும் நோய்கள் கடை வாழ்க்கையிலிருந்தே வருகின்றன. அடிப்பாகம் உப்பியிருந்தால் அது தரையைத் துடைத்த ஈரம். தினமும் கடை திறக்கும்போது துடைப்பம் பட்ட உயரத்துக்கு ஒரு கோடு நாயைச் சுற்றி ஓடும். மஞ்சள் படலம் என்றால் புகையிலை. அந்தக் காலத்துக் கடைகளில் எல்லோரும் புகைத்தார்கள். தலை உச்சியில் மட்டும் வண்ணம் மழுங்கி மெருகேறியிருந்தால், வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் தடவிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த நாய் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கும். கடை மூடி, நாய் பரணுக்கோ கார் கொட்டகைக்கோ போனபின் வருபவை வேறு: எலி, வெள்ளிமீன் பூச்சி, கோடையில் வெப்பம், குளிரில் உறைபனி. கூழ் ஈரத்தில் விரியும், மாவுப் பூச்சு அந்த அளவுக்கு விரியாது. இந்த இழுபறியில்தான் மேற்பரப்பு முழுவதும் வலைபோல வெடிக்கிறது.

பூச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நாயைக் காற்றுப் புகாத பாலித்தீனில் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஓரிரு வாரம் வைத்துவிடுகிறார். அருங்காட்சியகங்கள் கையாளும் முறைதான். மருந்தடிக்கும் தேவை இல்லை. அடுத்து மென்தூரிகையால் தூசி எடுப்பது. நீரால் துடைப்பது பெரிய ஆபத்து, ஏனென்றால் அடியிலிருக்கும் மாவுப் பூச்சைப் பிடித்து நிறுத்துவது விலங்குப் பசை. ஈரம் வெடிப்பு வழியாக உள்ளே போனால் பசை இளகி வண்ணம் செதில் செதிலாக எழும்பிவிடும். ஆகவே பஞ்சுக் குச்சியில் லேசாக எச்சில் தொட்டு, கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் சோதிப்பார். கேட்பவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் ஓவியங்களைச் சீர்செய்யும் பெரிய கூடங்களிலும் இதுதான் வழக்கம். எச்சிலில் உள்ள நொதிகள் அழுக்கையும் பிசுக்கையும் பிரிக்கும். குச்சியில் இருப்பது மிகக் குறைந்த ஈரம்.

சிதைந்த காதைக் கட்டுவது பொறுமையான வேலை. ஜப்பானிய நீளிழைத் தாளை நரம்பு பார்த்துக் கிழித்து, கோதுமை மாச்சத்துப் பசையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காதின் வளைவுக்குக் காயவிடுகிறார். வெட்டினால் விளிம்பு திட்டாகத் தெரியும், அதனால் கிழிப்பதுதான் சரி. உள்ளே ஆணியோ கம்பியோ வைப்பதில்லை. பழைய பழுதுகளில் வைத்த இரும்பாணி துருப்பிடித்து உப்பி, நல்ல பாகத்தையும் பிளந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறார். இன்னொரு சங்கடம், ஒரு காதைப் பார்த்து மறு காதைச் செய்ய முடியாது. தலை சாய்ந்திருப்பதால் இரண்டும் ஒரே மாதிரி தொங்குவதில்லை. ஆகவே அதே அளவு, அதே அச்சில் வந்த வேறு நாய்களின் காதுகளை நாலா பக்கமிருந்தும் படமெடுத்து ஒரு கோப்பே வைத்திருக்கிறார்.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் வந்துவிடும் கைவேலை. அவரைத் தூங்கவிடாமல் செய்வது மறுபூச்சு.

நிப்பருக்கு மிகப்பெரிய பகை எலியோ ஈரமோ இல்லை, நல்லெண்ணத்தோடு அடித்த வெள்ளைப் பெயிண்ட்தான். வெள்ளை நாய் அழுக்காகிவிட்டது என்று தோன்றியதும் யாருக்கும் கை பரபரக்கிறது. வீட்டுச் சுவருக்கு வாங்கிய எனாமலில் மீதி இருக்கும், ஒரு கோட் அடித்துவிடுகிறார்கள். கண்ணோரத்து மெல்லிய கோடு, முகவாயின் சாம்பல் நிழல், காதின் பழுப்பு வெள்ளையோடு கலக்கும் இடத்தில் தூரிகை விட்ட மயிரிழைகள், கழுத்துப் பட்டையின் விளிம்பு எல்லாமே அதற்கடியில் போய்விடுகின்றன. அந்த முகத்தைத் தீட்டிய பெண்ணோ ஆணோ தொழிற்சாலையில் நாள் முழுவதும் நிப்பர் முகமாகவே எழுதிப் பழகிய கை. அந்தக் கையின் வேகம் கோட்டில் தெரியும். அதை மறைத்துவிட்டு மேலே புதிதாக ஒரு கண் வரைந்தால் நாய் திகைத்து விழிக்கும், காதுகொடுத்துக் கேட்காது.

மறுபூச்சு இருக்கிறதா என்று பார்க்க அறையை இருட்டாக்கிப் புறஊதா விளக்கைப் போடுகிறார். பழைய அரக்கு வார்னிஷ் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். துத்தநாக வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும். டைட்டானியம் வெள்ளையோ ஒளியை உறிஞ்சிக்கொண்டு ஊதா படிந்த கறுப்பாக நிற்கும். டைட்டானியம் வெள்ளை வணிகத்துக்கு வந்ததே 1920-களை ஒட்டித்தான். 1910-ஐச் சேர்ந்தது என்று சொல்லி விற்ற நாய் விளக்கின் கீழ் உடல் முழுவதும் இருண்டு நின்றால், ஒன்று நாய் பழையதில்லை, அல்லது அதன்மேல் இருப்பது பழைய வண்ணம் இல்லை. பழைய வெள்ளைகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எந்த நாயையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில்லை. மாமா கொட்டகைப் பழக்கத்தில் அவர் முழுதாகக் கைவிட்டது இது ஒன்றைத்தான்.

எனாமலை எடுக்க முடியுமா? பல சமயங்களில் முடியும், அதற்கு உதவுவது அழுக்கு! கடையில் ஆண்டுக்கணக்காகப் படிந்த புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் முதல் வண்ணத்தின் மேல் ஒரு மெல்லிய தோலாக இருக்கும். அதைத் துடைக்காமல் மேலே எனாமல் அடித்திருந்தால் இரண்டும் சரியாக ஒட்டியிருக்காது. நுண்ணோக்கிக்கு அடியில் நாயின் தோளை வைத்து, அறுவைக் கத்தியின் நுனியைப் படுக்கைவசமாக அந்த இடைவெளியில் நுழைத்து மெல்ல நெம்பினால், எனாமல் கடுகளவு, எள்ளளவாகச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். அடியில் தந்தம் போல மஞ்சளோடிய பழைய வெள்ளை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தால் தபால்தலை அளவு இடம் தெளியும். பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எனாமல் அடித்த கவனமான மனிதர்களின் நாய்கள்தான் அவருக்குக் கடினம். அங்கே கத்தி நுழைய இடமே இருக்காது.

ஆனால் எல்லா மறுபூச்சையும் எடுக்கலாமா? இந்தக் கேள்வியை அவர் முன் வைத்தது பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஒரு நாய். அதைக் கொண்டுவந்தவரின் அப்பா ஒரு சிற்றூரில் வானொலிக் கடை வைத்திருந்தவர். நாயின் அடிவயிற்று ஓரத்திலிருந்து குண்டூசித் தலையளவு சில்லு ஒன்றை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். மாவுப் பூச்சு, தொழிற்சாலை வெள்ளை, கறுப்புக் கோடாக அழுக்கு, ஒரு வெள்ளை, மறுபடி அழுக்கு, இன்னொரு வெள்ளை, மறுபடி அழுக்கு என்று மண்ணடுக்கு போல ஏறிக்கொண்டே போனது. எல்லாவற்றுக்கும் மேலே அழுக்கே படியாத பளபளப்பான ஒரு கனத்த பூச்சு. படத்தைக் காட்டியதும் மகனுக்கு நினைவு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முன்னால் அப்பா நாய்க்கு வெள்ளையடிப்பார், நாங்கள் கழுத்துப் பட்டைக்குக் கறுப்பு தொட்டுக்கொடுப்போம் என்றார். மேலேயுள்ள கனத்த பூச்சு, கடை மூடி நாய் கைமாறியபின் ஒரு வியாபாரி தெளிப்பான் வைத்து அடித்தது.

அப்பாவின் வெள்ளைகளையும் சுரண்டித் தொழிற்சாலை முகத்தைக் கொண்டுவந்தால் சந்தையில் விலை கூடும். மூல வண்ணம் உள்ள நாய்க்குத்தான் சேகரிப்பாளர்கள் போட்டிபோடுவார்கள். பண்ருட்டிக்காரர் மகனிடம் தன் கருத்தை ஒளிக்காமல் சொன்னார்: வியாபாரியின் பூச்சை எடுக்கிறேன், அப்பாவின் பூச்சைத் தொடமாட்டேன். கடையில் வேலை பார்த்த காலத்தில் நாயின் மேல் ஏறிய எதுவும் அதன் வாழ்க்கை. வேலையிலிருந்து ஓய்ந்தபின் விலைக்காக ஏற்றியது வேறு கணக்கு. இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் இத்தொழிலில் உள்ளவர்களே ஒத்துப்போவதில்லை. தொழிற்சாலை நிலைக்குத் திரும்பாதது சீரமைப்பே இல்லை என்பவர்கள் உண்டு. ஆனால் பரோவின் படத்தையே எடுத்துக்கொண்டால், உலகம் அறிந்த கிராமபோன் அங்கே இரண்டாவது பூச்சு. அதைச் சுரண்டி ஃபோனோகிராஃபை வெளியே கொண்டுவர எந்த அருங்காட்சியகமும் துணியாது. அவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. மகனும் அப்பாவின் வெள்ளையோடுதான் நாயை எடுத்துப் போனார்.

போலிகள் பற்றியும் சொல்ல வேண்டும். ரெசினில் வார்த்த நாய்களுக்குப் பழுப்புச் சாயத்தைத் தடவிப் பழசாக்கி விற்கிறார்கள். வார்ப்பிரும்பு உண்டியல் நாய்களும் ஏராளமாக உலவுகின்றன. அவற்றில் அழுக்கு எல்லா மடிப்பிலும் ஒரே சீராக இருக்கும். உண்மையான கடை நாயில் அப்படி இருக்காது. மனிதக் கை பட்ட இடம் தேய்ந்தும், படாத இடம் கறுத்தும், துடைப்பம் பட்ட இடம் உப்பியும் இருக்கும். எடை, ஓசை, உள்ளே தெரியும் தையல், கூழின் நார் என்று பார்க்க எத்தனையோ உண்டு என்றாலும், தேய்மானம் ஒரு கதையாகக் கோத்து வருகிறதா என்பதைத்தான் அவர் கடைசியில் பார்க்கிறார்.

மற்ற விளம்பர நாய்களும் பட்டறைக்கு வருவதுண்டு. மேக் லாரியின் முகப்பில் நிற்கும் புல்டாக், 1932-ல் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் ஆல்ஃபிரெட் மஸூரி மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் செதுக்கிய உருவம். உலோகம் என்பதால் அது வேறு கைக்குரிய வேலை, முலாம் பூசுகிறவர்களிடம் அனுப்பிவிடுகிறார். பிளாக் அண்ட் ஒயிட் விஸ்கியின் கறுப்பு, வெள்ளை டெரியர் ஜோடி இங்கிலாந்தின் மதுக்கூடங்களிலிருந்து வரும். ஹஷ் பப்பீஸ் காலணிக் கடைகளின் தொங்குகாது பாசெட் நாய் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஜப்பானில் விக்டர் நிறுவனத்தின் பீங்கான் நிப்பர்கள் எத்தனையோ அளவில் வந்திருக்கின்றன. பீங்கான் உடைந்தால் உடைப்பு சுத்தமாக இருக்கும், துண்டுகள் கைவசம் இருந்தால் பொருத்திவிடலாம். காகிதக்கூழ் அப்படி உடைவதில்லை. நைந்து, உதிர்ந்து, பாதி காணாமலும் போயிருக்கும். அதனால்தான் அவருக்கு அதன்மேல் தனி வாஞ்சை.

இந்தியாவிலிருந்து புறப்பட்ட நாய் ஒன்றும் அவரிடம் வந்தது. கிராமபோன் கம்பெனி 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்து, 1908-ல் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலையைத் திறந்து, 1920-களின் இறுதியில் டம்டமுக்குப் பெரிதாக இடம் மாறியது. இன்று சரிகம என்று பெயர். அங்கிருந்து வந்த தட்டுகளை மதுரையில் விற்ற ஒருவரின் பேத்தி, எடிசன் நகரில் குடியிருப்பவர், துணியில் சுற்றிக் கொண்டுவந்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த ஒன்றரையடி நாய். காது ஒன்று துண்டாகப் பையில் இருந்தது. முதுகெல்லாம் பழுப்புப் புள்ளிகள். நெற்றியில் கரைந்தும் கரையாமலும் ஒரு சிவப்புக் கறை.

"அண்ணா, காத ஒட்டிட்டு புதுசு மாதிரி வெள்ளையடிச்சுக் குடுத்துடுங்க. இந்த வருஷம் கொலுவுல வைக்கணும்" என்றார் அந்தப் பெண்.

"நெத்தியில என்னம்மா சிவப்பு?"

"அதுவா, ஆயுத பூஜைக்குத் தாத்தா கடையில இருக்கிற எல்லாத்துக்கும் பொட்டு வெப்பாரு. பெட்டிக்கு, தராசுக்கு, நாய்க்கும்தான்."

"அத எடுத்துட்டா இது ஏதோ ஒரு கடை நாய்ம்மா. இருந்தாத்தான் உங்க தாத்தா கடை நாய்."

அந்தப் பெண் சற்று நேரம் யோசித்துவிட்டு, பொட்டு இருக்கட்டும் என்றார். முதுகைச் சுத்தம் செய்வது மட்டும் நடந்தது. பிளாஸ்டர் ஈரத்தைக் குடித்துவிடும், குடித்தால் மேலுள்ள அழுக்கும் உள்ளே இறங்கிக் கறையாகிவிடும் என்பதால் அழிப்பான் தூளும் உலர் பஞ்சும் கொண்டுதான் வேலை. குங்குமத்தின் மேல் எதுவும் படாமல் மெல்லிய தாளால் மூடிவைத்தார். காதை பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிடோனில் கரைத்து ஒட்டினார். என்றைக்காவது பிரிக்க வேண்டுமானால் அதே அசிடோனில் கரைந்துவிடும், அதனால் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் புழங்கும் பிசின் அது. ஒட்டின் கோட்டை நீர்வண்ணத்தால் மட்டும் தொட்டார். இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது, கையில் எடுத்துப் பார்த்தால் பழுது நடந்த இடம் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என்ன செய்தோம், எதைக்கொண்டு செய்தோம், எதைத் தொடவில்லை என்று அமிலமில்லாத தாளில் எழுதி நாயின் அடிவயிற்று வெற்றிடத்துக்குள் வைத்துக் கொடுப்பது எல்லா நாய்க்கும் உண்டான வழக்கம். இந்த நாய்க்குத் தமிழிலும் ஒரு பிரதி எழுதி வைத்தார்.

நவராத்திரி முதல் நாளே அந்தப் பெண் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தார். கீழ்ப்படியில் செட்டியார் தம்பதி அரிசி பருப்பு பரப்பிக் கடை விரித்திருக்க, அவர்களுக்குக் காவலாக நிப்பர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் உடனே அவரைத் தொலைபேசியில் அழைத்தார். படி விளிம்பில் கட்டியிருந்த சின்ன ஹாலஜன் விளக்கு ஒன்று ஒட்டிய காதுக்கு மிக அருகில் இருந்தது. பி-72 பிசின் 40 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே இளகத் தொடங்கும்.

"அந்த லைட்ட மட்டும் ரெண்டு படி மேல தள்ளிக் கட்டுங்கம்மா" என்றார். "இல்லேன்னா எல்.இ.டி. போட்டுக்குங்க, சூடு வராது."

"இதோ மாத்திடறேன்ணா. கொலு முடிஞ்சதும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சுரலாமா?"

"வேண்டாம்மா, உள்ள வேர்க்கும். பழைய பருத்தி வேட்டி இருந்தா அதுல சுத்தி, காது மேல வர்ற மாதிரி வைங்க. பாச்சை உருண்டை போட்டுடாதீங்க."